பாம்பு மாதிரி இருக்கிறதாம்

போன சனிக்கிழமை நம் தமிழர் விழாவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் மறுபடி ஓட்டப்போவதில்லை. அமெரிக்க அரசியல் வினோதங்கள் என்று ஒரு அண்ணன் ஸ்லைடு போட்டார். அதில் நம் நார்த் கரோலினாவின் பழைய 12ஆம் தொகுதியின் 1992 வரைபடம் வந்தது. "இது தொகுதியா, அடிபட்டுக் கிடக்கிற சாரைப்பாம்பா?" என்றார், கூடம் முழுக்கச் சிரிப்பு. அதுவரைக்கும் பரவாயில்லை, நானும் சிரித்தேன். அடுத்து சொன்னார் பாருங்கள், "இவங்களுக்கு ரிசர்வேஷன் குடுக்கப்போய் ஊரே இப்படிக் கோணலாயிடுச்சு." அதற்கு முதல் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு.

மைக் கேட்டேன். "அக்கா, சாப்பாடு ஆறிடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதினேன், பத்து நிமிஷத்தில் அட்மின் நீக்கிவிட்டார். குழு விழாக்களுக்கு மட்டுமாம், அரசியல் கூடாதாம். ஸ்லைடு போட்டது என்னவாம், கோலப்போட்டியா? சரி, என் சுவர் என்னுடையது, இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தத் தொகுதி கோணல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் 91 வருஷம் நார்த் கரோலினாவின் தொகுதிகள் பெரும்பாலும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. அந்த லட்சணத்தில் ஒரே ஒரு கறுப்பினத்தவர்கூட இங்கிருந்து காங்கிரஸுக்குப் போகவில்லை. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, இங்கத்திய நாடாளுமன்றம்.)

கடைசியாக இருந்தவர் ஜார்ஜ் ஹென்றி வைட். அடிமைமுறை இருந்த காலத்தில் பிறந்து, வக்கீலாகி, 1897இல் உள்ளே போனவர். 1898இல் இதே மாநிலத்தின் வில்மிங்டனில் துப்பாக்கியோடு வந்த வெள்ளையர் கூட்டம் தேர்ந்தெடுத்த நகராட்சியையே கவிழ்த்து, கறுப்பினத்தவரைக் கொன்று விரட்டியது. 1900இல் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் பேரனுக்குத் தேர்வு வேண்டாம் என்று வெள்ளையருக்கு மட்டும் ஒரு பின்வாசலும் வைத்தார்கள். வைட் மறுபடி நிற்கவில்லை. 1901இல் அவர் சபையில் கடைசியாகப் பேசியபோது, இது எங்கள் தற்காலிக விடைபெறல், ஒருநாள் ஃபீனிக்ஸ் போல எழுந்து வருவோம் என்றார். தற்காலிகம் என்று அவர் நினைத்தது 91 வருஷம். அவருடைய பேரன் பேத்தி காலமும் அதிலேயே போயிருக்கும்.

லட்சணமான கோடுகள் வளையவே வளையாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1981இல் இரண்டாம் தொகுதியை டர்ஹம் கவுண்டியை (ஊரில் மாவட்டம் மாதிரி) தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வரைந்தார்கள். அங்கே கறுப்பின வாக்காளர்கள் நிறைய. அப்போதைய உறுப்பினர் பெயரை வைத்து அதை ஃபவுண்டனின் தூண்டில் முள் என்பார்கள். வாஷிங்டனில் இருக்கிற நீதித்துறை (கோர்ட் இல்லை, மத்திய அரசின் இலாகா) அதை ஏற்காததால் மாற்ற வேண்டியதாயிற்று. அண்ணன் ஸ்லைடில் அந்தத் தூண்டில் முள்ளைக் காணோம். பாம்புக்கு மட்டும் இடம் இருந்தது.

1990 கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு ஒரு இடம் கூடி 12 ஆனது. மக்களில் நூற்றுக்கு 22 பேர் கறுப்பினத்தவர். மாநிலச் சட்டமன்றம் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக ஒரே ஒரு தொகுதியை வரைந்து அனுப்பியது. வாஷிங்டனில் அப்போது அப்பா புஷ் ஆட்சி, அவருடைய நீதித்துறை இது போதாது என்று திருப்பி அனுப்பியது. அப்புறம் வந்ததுதான் இந்த 12. டர்ஹமில் தொடங்கி கிரீன்ஸ்போரோ, வின்ஸ்டன்-சேலம், சார்லட் என்று கேஸ்டோனியா வரைக்கும் சுமார் 160 மைல், ஐ-85 நெடுஞ்சாலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போகும். சில கவுண்டிகளில் வடக்கே போகிற வண்டி ஒரு தொகுதியில், தெற்கே போகிற வண்டி இன்னொன்றில், அடுத்த கவுண்டி வந்ததும் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். காரின் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு போனால் தொகுதியில் பெரும்பாலானவர்களைச் சாய்த்துவிடலாம் என்று இங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினரே கிண்டலடித்தார். தினமும் அந்தச் சாலையில்தான் நான் வேலைக்குப் போகிறேன். உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் 1992 தேர்தலில் அந்தப் பாம்பிலிருந்து மெல் வாட் போனார், முதலாம் தொகுதியிலிருந்து ஈவா கிளேட்டன் போனார். 91 வருஷத்துக்குப் பிறகு. இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

அப்புறம் அந்த "ரிசர்வேஷன்". அண்ணே, இது ஊரில் உள்ள தனித்தொகுதி இல்லை. இங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். நீங்கள் நிற்கலாம், நான் நிற்கலாம், வெள்ளையரும் நிற்கலாம். வாக்காளர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கறுப்பினத்தவர், அவ்வளவுதான். மற்றத் தொகுதிகளில் வெள்ளையர் எழுபது எண்பது விழுக்காடு இருந்தால் அதை யாரும் வெள்ளையர் ரிசர்வேஷன் என்று சொல்வதில்லையே, ஏன்? அதற்குப் பெயர் சும்மா தொகுதி.

"திறமை இருந்தால் ஜெயித்திருக்கலாமே" என்று ஒரு தம்பி தனிச்செய்தி அனுப்பினார். ஹார்வி கேன்ட் கட்டடக் கலைஞர், 1983இல் சார்லட்டின் முதல் கறுப்பின மேயராக ஜெயித்தவர். 1990இல் செனட்டுக்கு, அதாவது காங்கிரஸின் மேல்சபைக்கு, நின்றார். எதிரே அப்போதைய செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், வெள்ளையர். கடைசி நேரத்தில் ஹெல்ம்ஸ் தரப்பு ஒரு டிவி விளம்பரம் விட்டது. வெள்ளைக்காரக் கை ஒன்று கடிதத்தைக் கசக்கும், உனக்கு வர வேண்டிய வேலையைச் சிறுபான்மை ஒதுக்கீட்டில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னால் ஒரு குரல். கேன்ட் தோற்றார், 1996இல் மறுபடி தோற்றார். திறமையாம்.

"டெமாக்ரட்டுகள் செய்தால் மட்டும் நல்லதா?" இது நியாயமான கேள்வி. அந்த 12ஐ ஐ-85 ஓரமாக இழுத்ததே டெமாக்ரட்டுகள்தான். தென்கிழக்கில் இன்னும் ஒழுங்காக வரைந்திருக்கலாம், அங்கே இருந்த தங்கள் ஆட்களின் நாற்காலி ஆடும் என்று இப்படி இழுத்தார்கள். ஒத்துக்கொள்கிறேன். மேலே போகலாம்.

டர்ஹம்காரர் ஐந்து பேர், எல்லாரும் வெள்ளையர், வழக்குப் போட்டார்கள். 1993இல் ஷா எதிர் ரெனோ என்ற அந்த வழக்கில் 5-4 என்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. தங்கள் ஓட்டுக்கு வலு குறைந்துவிட்டது என்று அந்த ஐந்து பேரும் கேட்கவேயில்லை, இனத்தை வைத்து வரைந்ததே தப்பு என்றார்கள். நீதிபதி ஓ'கானர் எழுதியது, தொகுதி வரைவில் தோற்றமும் முக்கியம் என்று. தோற்றம்! 91 வருஷமாக ஒரு கறுப்பு முகம்கூட இல்லாத பிரதிநிதிகள் வரிசையின் தோற்றத்தைப் பற்றி அந்தப் பெரிய கோர்ட்டுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை போலிருக்கிறது. அதோடு முடிந்ததா? 1996, 1999, 2001, 2017 என்று இந்த ஒரே தொகுதி மொத்தம் ஐந்து தடவை உச்ச நீதிமன்றப் படி ஏறியது.

என் கதைக்கு வருகிறேன். 2001இல் முதுகலை படிக்க கிரீன்ஸ்போரோவின் நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்த நாலு பையன்கள் இந்த வளாகத்துப் பிள்ளைகள்தான். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது, நாலு பேருக்குச் சிலை இருக்கிறது, பெரிய ஆட்கள் போல என்று நினைத்துக்கொண்டு போவேன். அப்புறம் அதே பக்கத்திலேயே வீடு வாங்கி இருந்துவிட்டேன்.

குடியுரிமை கிடைத்து நான் போட்ட முதல் ஓட்டு 2014 நவம்பர். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கூட்டிப்போனார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த உல்வொர்த் வாசலில் சிறுபெண்ணாக நின்றவர். உள்ளே போய்ச் சீட்டைப் பார்த்தால் 12ஆம் தொகுதி என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது, அதே பெயர்கள். அச்சுப்பிழை என்று நினைத்து வெளியே வந்து அவரிடம் கேட்டேன். ஒன்று பழைய பதவிக்காலத்தின் மிச்சத்துக்கு, இன்னொன்று அடுத்த முழுக்காலத்துக்கு என்றார். "மிச்சம் எவ்வளவு?" என்றேன். "எட்டு வாரம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அது சிரிப்பு இல்லை.

ஏனென்றால் மெல் வாட் 2014 ஜனவரியிலேயே வேறு பதவிக்குப் போய்விட்டார். இடைத்தேர்தலைத் தனியாக வைத்தால் செலவு என்று கவர்னர் நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்துவிட்டார். பத்து மாதம் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு வாஷிங்டனில் ஆளே கிடையாது. ஃப்ளோரிடாவில் 2013 அக்டோபரில் ஒரு உறுப்பினர் இறந்தார், அடுத்த மார்ச்சில் புது ஆள் வந்தாயிற்று. எங்களுக்கு மட்டும் சிக்கனம். இதுவும் ஸ்லைடில் இல்லை.

வந்தவர் ஆல்மா ஆடம்ஸ். வளாகத்தை ஒட்டி இருக்கிற பென்னட் கல்லூரியில் நாற்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தலையில் தொப்பி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார். பாட்டி அவரை டீச்சர் என்றுதான் சொல்வார். அவர் பதவி ஏற்றபோது அந்தக் காங்கிரஸில் பெண்கள் எண்ணிக்கை நூறானது. ஊரே பெருமைப்பட்டது.

எத்தனை நாளைக்கு? 2011இல் புதிதாக வந்த ரிபப்ளிகன் பெரும்பான்மை ஏற்கனவே 12க்குள் கறுப்பின வாக்காளர்களை 43.8இலிருந்து 50.7 விழுக்காடாக ஏற்றி அடைத்திருந்தது. கறுப்பினத்தவர் ஓட்டைக் காக்கிற வாக்குரிமைச் சட்டத்துக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்று மெல் வாட்டிடமே சொல்ல, அவர் சிரித்துவிட்டாராம். அந்தத் தொகுதியில் 43லேயே அவர் அமோகமாக ஜெயித்துக்கொண்டிருந்தவர். இங்கே அடைத்தால் பக்கத்துத் தொகுதிகளில் குறையும், அவ்வளவுதான் கணக்கு. அதைத்தான் 2017இல் உச்ச நீதிமன்றமும் தப்பு என்றது. ஆனால் 2016லேயே கீழ்க்கோர்ட் சொன்னதால் படம் மாறிவிட்டது. எப்படி? பாம்பு போய்ப் பணியாரம் ஆனது. 12 அழகாகச் சுருண்டு சார்லட்டுக்குள் போய்விட்டது. எங்கள் டீச்சர் எங்களை விட்டு சார்லட்டுக்குக் குடிபோனார். பத்து ரிபப்ளிகன், மூன்று டெமாக்ரட் வருகிற மாதிரி வரையலாம், ஏனென்றால் 11-2 வரைய முடியும் என்று தோன்றவில்லை என்று வரைந்தவர்களில் ஒருவர் கூச்சமே இல்லாமல் சட்டமன்றக் குழுக் கூட்டத்தில் சொன்னார். கட்சிக்காக வரைவதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் கைகழுவியது.

எங்கள் பல்கலைக்கழகத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவே கோடு போட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கத்து விடுதிப் பிள்ளைகள் 6ஆம் தொகுதி, அந்தப் பக்கம் 13. வகுப்புக்குப் போகிற வழியில் தொகுதி மாறும். இரண்டு பக்கத்து ஓட்டும் கிராமப்புற ஓட்டில் கரைந்துபோகும். இந்த வரைபடம் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கும் தெரியுமா, சட்டம் போட்டு மாட்டலாம். அண்ணன் இதை ஸ்லைடு போட்டால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

நான் வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. 12இல் இருந்தேன், 13 ஆனேன், 2020இல் 6. 2023இல் மறுபடி கத்தி எடுத்து எங்கள் கில்ஃபோர்ட் கவுண்டியையே மூன்றாக வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தபாலில் புது வாக்காளர் அட்டை. பாட்டி அதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார்.

"நமக்கென்ன, நாம் வந்தது சம்பாதிக்க" என்று குழுவில் ஒருவர். ரொம்ப சந்தோஷம். இதே குழுவில்தான் தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டின் 39 குறைந்துவிடும் என்று வாரம் மூன்று ஃபார்வர்டு வருகிறது. அதையும் நான் பகிர்ந்திருக்கிறேன், அதில் ஒன்றும் தப்பில்லை. 39க்குப் பதறுகிற நெஞ்சு இங்கே மட்டும் ஏன் கேலி பேசுகிறது? 2016இல் இல்லினாய் 8ஆம் தொகுதியில் ராஜா கிருஷ்ணமூர்த்தி ஜெயித்தபோது நம்மாள் நம்மாள் என்று இனிப்புக் கொடுத்தோமே, அந்தத் தொகுதியும் ஒரு கட்சி உட்கார்ந்து வரைந்ததுதான். அதன் படத்தை யாராவது பெரிதாக்கிப் பார்த்தோமா?

"அக்கா ரொம்ப உணர்ச்சிவசப்படுறாங்க" என்பதும் வந்தது. ஆமாம், படுகிறேன். அந்தச் சிரிப்பில் என் பொண்ணும் இருந்தாள். காரில் வரும்போது, "எல்லாரும் சிரிச்சாங்கம்மா, அதான்" என்றாள். அவளைத் தினமும் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்து, நான் வரும்வரைக்கும் சோறு போட்டு வைத்திருந்தது அந்தப் பாட்டிதான். நான் ஒன்றும் பேசவில்லை. என்னவென்று பேசுவது.

பின்னூட்டத்தில் அந்தப் பாம்புப் படத்தைப் போடுகிறவர்களை பிளாக் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஸ்லைடு போட்ட அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.