அந்தமானில் துறவி நண்டு பார்க்கப் போகிறவர்களுக்கு

அந்தமான் போய்வந்தவர்களின் ஆல்பத்தில் தவறாமல் ஒரு படம் இருக்கும். உள்ளங்கையில் ஒரு சங்கு, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் நாலைந்து கால்கள். கீழே ‘சோ க்யூட்’ கமெண்டுகள் வரிசைகட்டும். அதுதான் துறவி நண்டு (hermit crab), காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அதைக் கையில் எடுத்தது தப்புதான். ஆனால் அதே கரையில் கிடந்த காலிச் சங்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய கேடு என்பேன். அதற்கு வருமுன், ஒழுங்காகப் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

ஹேவ்லாக், நீல் தீவுகளில் (2018 கடைசியில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆக்கிவிட்டார்கள், பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்) மணல் முடிந்து மரங்கள் தொடங்கும் விளிம்புதான் இந்த நண்டுகளின் இடம். பகலில் தாழை வேருக்கடியிலும் புன்னைச் சருகிலும் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டியதும் இரை தேடிக் கரைக்கு இறங்கும். தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் டிசம்பரில் மாலை 5 மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். 6 மணிக்கெல்லாம் வேடிக்கை பார்க்கலாம். மழை விட்ட இரவு என்றால் இன்னும் நல்லது. தரையில் வாழ்ந்தாலும் இது செவுளால் மூச்சு விடும் பிராணி. செவுள் காய்ந்தால் செத்துப்போகும். அதனால்தான் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரையும் சுமந்துகொண்டு அலைகிறது. தங்கும் விடுதிக்கு முன்னால் இருக்கும் மணலே போதும். கழிமுகம், அலையாத்திக் காடு பக்கம் இருட்டில் போகவே வேண்டாம். அங்கே உவர்நீர் முதலை உண்டு.

டார்ச்சின் முகப்பில் சிவப்பு செல்லோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் உறைந்து நின்றுவிடும், சிவப்பை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அதைவிட முக்கியம் நடக்காமல் இருப்பது. காலடி அதிர்வு மணல் வழியாகப் போய்ச் சேரும், மொத்தக் கூட்டமும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் உணர்கொம்பு வெளியே வரும், பிறகு கண், பிறகு கால். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கையை நீட்டுகிறார்கள்.

கண்ணில் படுவது கொடுக்கும் இரண்டு ஜோடி நடைகால்களும்தான். மற்ற இரண்டு ஜோடி சின்னக் கால்கள் சங்குக்குள் இருக்கும். இடது கொடுக்கு எப்போதும் பெரியது. உள்ளே போனதும் அதையே கதவாக வைத்து வாயை அடைத்துக்கொள்ளும். பின்னுடல் ஓடில்லாத மெத்தென்ற சதை, வலப்பக்கமாகச் சுருண்டது. அதன் நுனியிலுள்ள கொக்கிகள் சங்கின் நடுத்தண்டை இறுகப் பிடித்திருக்கும். பிடித்து இழுத்தால் உடம்பு கிழிந்தாலும் கிழியுமே தவிர விடாது. குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பாறைக் குழித் தண்ணீரிலேயே இருப்பவை பெரும்பாலும் வேறு குடும்பத்துக் கடல் நண்டுகள். அவற்றைத் தூக்கி உலர்மணலில் விட்டுவிட்டு ‘காப்பாற்றினேன்’ என்று நினைப்பவர்களும் உண்டு.

இப்போது சங்கு விஷயம். இந்த நண்டால் ஓடு செய்துகொள்ள முடியாது. கடல் நத்தை செத்து அலை ஒதுக்குவதும், செத்த நண்டு விட்டுப்போவதும்தான் இதற்குக் கிடைக்கும் வரத்து. தண்ணீருக்குள் போய்த் தேடவும் முடியாது. அதிலும் சிப்பி உதவாது, சோழியின் கீறல் வாய் உதவாது, உருண்ட வாயுள்ள சுருள் சங்கே வேண்டும். நாம் பொறுக்குவதும் அதே அழகான, ஓட்டையில்லாத சங்குகளைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் ஓட்டைச் சில பெரிய நண்டுகள் மாட்டிக்கொண்டு திரிவதையும் பார்க்கலாம். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கின்றன.

நண்டு வளர வளர ஓடு மாற்றியாக வேண்டும். அளவான காலிச் சங்கு ஒன்று கிடைத்தால் அதை உருட்டிப் பார்க்கும், கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்க்கும், மணலைக் கொட்டும். அது பெரிதாக இருந்தால் விட்டுப் போகாமல் பக்கத்திலேயே காத்திருக்கும். மேலும் சில நண்டுகள் சேர்ந்து பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்கும். சரியான அளவுள்ள பெரிய நண்டு வந்து குடியேறிய மறுகணம், ஒவ்வொன்றும் முன்னது விட்ட ஓட்டுக்குள் தாவும். மணிக்கணக்கில் காத்திருப்பு, மாற்றம் சில நொடிகளில் முடிந்துவிடும். கரிபியன் தீவுகளில் நன்றாக ஆராயப்பட்ட நடத்தை இது. நீங்கள் எடுத்துப் போன ஒரு சங்கால் நஷ்டப்படுவது ஒரு நண்டு அல்ல, அந்த வரிசை முழுவதும்.

‘அப்படியானால் கடையில் சங்கு வாங்கிப் போய்ப் போடலாமே’ என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கடைச் சங்கு பெரும்பாலும் உயிருள்ள நத்தையைக் கொன்று எடுத்தது. பாலிஷும் ரசாயனமும் பட்டது. இன்னொன்று, தரைவாழ் நண்டுகள் சங்கின் நடுத்தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து உள்ளே இடமும் எடைக் குறைவும் உண்டாக்குகின்றன. அப்படிப் பல தலைமுறை கைமாறிய பழைய ஓட்டைத்தான் பெரிய நண்டுகள் விரும்பும். புதுச் சங்கு அவற்றுக்கு வீண் சுமை.

தவிர்க்கவே முடியாமல் தொட நேர்ந்தால் (பாதையில் மிதிபடும் இடத்தில் இருந்தால், வைத்துக்கொள்வோம்), சன்ஸ்கிரீனோ கொசு மருந்தோ இல்லாத ஈரக் கையால் சங்கின் முதுகைப் பிடித்து, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரடி தள்ளி வையுங்கள். மேலே தூக்காதீர்கள், விழுந்தால் கால் போகும். மணலைத் தோண்டாதீர்கள்; தோலுரிக்கும் நண்டு வாரக்கணக்கில் புதைந்து கிடக்கும், அப்போது அதன் உடம்பு முழுக்க மென்மை. விடுதிகளில் நண்டுப் பந்தயம் நடத்தினால் கலந்துகொள்ளாமல் இருப்பதோடு, ஏன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டும் வாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முட்டை கடலில்தான் பொரியும், குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து வளர்ந்த பிறகே கரையேறும். அதனால் கடையில் விற்பது அநேகமாக எல்லாமே காட்டில் பிடித்தது. சங்கு, பவளத்தை விமான நிலையத்தில் பையைத் திறந்து பறிமுதல் செய்கிறார்கள். பவளமும் பல சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பாட்டில் பொறுக்குங்கள். வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் இறங்கிய நண்டால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது. உள்ளே அது செத்ததும் எழும் வாசம் மற்ற நண்டுகளுக்கு ‘இங்கே ஒரு சங்கு காலி’ என்ற செய்தி. அவையும் வந்து விழும். இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் (கீலிங்) தீவுகளிலும் பசிபிக்கிலுள்ள ஹெண்டர்சன் தீவிலும் ஆண்டுக்குச் சுமார் 5,70,000 நண்டுகள் இப்படிச் சாவதாக 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒரே கொள்கலத்தில் 526 நண்டுகள் இருந்தன. எடுக்கும்முன் பாட்டிலைக் கவிழ்த்து, உயிரோடு இருப்பவற்றை நிழலில் விடுங்கள். மூடி இருந்தால் இறுக்கித் திருகுங்கள். சுமந்து வர இடமில்லையா, வாயை மணலுக்குள் அழுத்திக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் சாக்குப் பையோடு வாருங்கள்.