தூணைக் காட்டலாம், மண்ணைக் காட்டக்கூடாதாம்

எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குடும்பக் குழுவில் நேற்று அண்ணன் போட்ட குரல் பதிவைக் கேட்டபிறகு முடியவில்லை. நம் பூர்வீக வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு பெண் கலைப்படைப்பாக வைத்திருந்த மண் குவியலையும் சுவரில் ஒட்டியிருந்த பர்மா நெல் கணக்கையும் மறுநாளே எடுக்கச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 'பெரியவர்கள் கட்டிய வீட்டை அசிங்கப்படுத்திவிட்டாள்' என்பது குற்றச்சாட்டு.

வருகிற வெள்ளைக்காரர்களிடம் தூணைத் தட்டிக் காட்டி 'பர்மா தேக்கு' என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பர்மாவில் யார் காட்டிலிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்டால் மட்டும் எப்படி அசிங்கமாகும்?

வெட்டிய தேக்கைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக 1885-இல் பர்மா மன்னரின் மண்டலே அரசவை ஒரு பிரிட்டிஷ் மரக் கம்பெனிக்கு அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்துப் படையெடுத்து, அந்த நவம்பரிலேயே திபா மன்னரை நாடு கடத்தினார்கள். இது எந்தத் தூணிலும் எழுதியிருக்காது.

நம் ஆட்கள் மரம் வெட்டவில்லை, வட்டிக்குத்தான் விட்டார்கள் என்பீர்கள். சரி. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. பலருக்கு நிலம் வேண்டாம், ரொக்கம்தான் வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் உழுதவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனாகிப் போனான். அந்தப் பெண் சுவரில் ஒட்டியது இவ்வளவுதான்.

'இழந்ததும் நாம்தானே' என்கிறார் ஓர் ஆச்சி. இழந்தோம்தான். என் ஐயா வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிப் போய், 1942-இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து நடந்தே திரும்பியவர். பர்மாவின் 1948 நில தேசியமயச் சட்டத்தில் மிச்சமும் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லி அப்பத்தா அழுததைக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஐயாவின் பேரேடு இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஏக்கர், கூடை, வட்டி என்று பூச்சி அரித்த பக்கங்கள். நடுவில் ஒரு வரி: 'மாடும் விற்றாச்சு. இனி நிலம்தான்.' ஐயாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. அந்த வரியும் அப்படித்தான் இருக்கிறது.

'மண்ணைக் கொட்டினால் கலையா?' பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அவள் போட்டிருந்த சிவப்பு விளக்கு எனக்கும்தான் பிடிக்கவில்லை. அதற்காக எடுக்கச் சொல்வதா? 1971-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞரின் கண்காட்சியைத் திறக்கும் முன்பே ரத்து செய்தது. மன்ஹாட்டனில் ஒரு கூட்டத்தார் கையில் இருந்த கட்டடங்களின் படங்களையும் அவற்றின் சொத்து விவரங்களையும் மாட்ட இருந்தார், எல்லாம் பொது ஆவணம். கலைக்கு ஒவ்வாது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். சொத்து யாருடையது என்று கேட்டால் எல்லா ஊரிலும் கலை ரசனை திடீரென்று கூடிவிடுகிறது!

உண்மையில் பர்மா கணக்கு யாரையும் சுடவில்லை என்று நினைக்கிறேன். சுட்டது அந்த மண். அது நம்மூர்க் கண்மாயில் எடுத்த சவுடு மண். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்தபோது 'மண்ணைக் காத்தோம்' என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான் இந்தக் குழுவில் பாதிப் பேர். இங்கே சவுடு பர்மிட் என்று சொல்லி, அனுமதித்த ஆழத்துக்கும் கீழே போய் மணல் அள்ளினார்கள். விடிய விடிய லாரி. தண்ணீர் வரும் வரத்துக்கால் அறுந்து ஊரணி காய்ந்து கிடக்கிறது. அந்த லாரிகளுக்குப் பாதை விட்டது யார் புஞ்சை? அண்ணன் அடுத்த குரல் பதிவில் அதையும் சொல்லட்டும்.

இதற்கு நடுவில் ஒருவர், 'பொண்ணுக்கு வீட்டில் பங்கே கிடையாது, இவள் பேச வந்துவிட்டாள்' என்று எழுதியிருக்கிறார். நன்றி. பிறந்த வீட்டுக்கு விளக்கேற்ற மட்டும் கூப்பிடுவீர்கள், இல்லையா? மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று 2005-இல் சட்டமே வந்துவிட்டது. நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் பங்கு வீட்டின் எந்தப் பகுதியில் வருகிறது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்யுங்கள். அந்தக் குவியலை அங்கேதான் வைக்கப்போகிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன்.