களிமண் கரையை இறுக்கிவிட்டால் அரிக்காதா?

“களிமண் சாலைக்கரையை ரோலர் விட்டு நன்றாக இறுக்கினால் மழை ஒன்றும் செய்யாது, அரிப்பெல்லாம் மணலுக்குத்தான். சந்தேகமா? ஒரு கட்டியைக் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.” சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. பாதிதான் சரி.

இறுக்குவது அவசியம்தான். ஆனால் சோடியம் மிகுந்த களிமண் வேறு ரகம். மழைநீரில் உப்பு குறைவு. அது பட்டதும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து நீரில் மிதக்கும். இதுதான் சிதறல். வேகமான ஓட்டம்கூடத் தேவையில்லை. வெடிப்பில் இறங்கும் நீர் உள்ளேயே சுரங்கம் குடையும். மேலே கரை நன்றாகத்தான் தெரியும், ஒருநாள் பொத்தென்று குழி விழும். ஆஸ்திரேலியாவில், குறிப்பாகக் குயின்ஸ்லாந்தில், சாலைப் பொறியாளர்களுக்கு இது பழகிய தொல்லை.

அப்புறம் அந்தச் சோதனை. குழாய்நீரில் உள்ள உப்புகள் சிதறலை மறைத்துவிடலாம். காய்ச்சி வடித்த நீரில் போட்டு, அசைக்காமல் விட வேண்டும். சுற்றிலும் பால்போலக் கலங்கினால் ஆபத்தான மண். கட்டி வெறுமனே உதிர்வது வேறு விஷயம்.

ஜிப்சமோ சுண்ணாம்போ கலந்தால் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடிக்கும், சிதறல் குறையும். சரியான ஈரத்தில் இறுக்கி, சிதறாத மண்ணால் மூடிப் புல் வளர்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் எந்த மண்ணானாலும், தளத்திலிருந்து மழைநீர் வடிகாலில் விடும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிதறிய களிமண் எளிதில் படியாது. வண்டல் தொட்டியை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம்.