டன்ராபின் கோட்டையும் ஸ்ட்ராத்நேவர் மக்களும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், கோல்ஸ்பி ஊருக்கு அருகே நிற்கும் டன்ராபின் கோட்டையைப் பற்றி எழுதுவோர் பலர், அதன் கூம்புக் கோபுரங்களையும் 189 அறைகளையும் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இலண்டன் நாடாளுமன்ற மாளிகையை வடிவமைத்த சார்லஸ் பாரிதான் 1840களில் இதற்கும் இன்றைய தோற்றத்தைத் தந்தார். அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் கோட்டைக்குரிய சதர்லாந்து குடும்பத்தின் கதையை, அதற்குக் குத்தகை செலுத்திய மக்களின் கதையிலிருந்து பிரித்துச் சொல்வது நேர்மையான வரலாறு ஆகாது.

1766இல், ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே, அக்குடும்பத்தின் எலிசபெத் சதர்லாந்துச் சீமை முழுவதற்கும் உரியவரானார். 1785இல் அவர் மணந்தவர், பின்னாளில் முதலாம் சதர்லாந்து கோமகன் என்ற பட்டம் பெற்ற இங்கிலாந்துப் பெருஞ்செல்வர். ஆட்டுப்பண்ணைகள் கூடுதல் குத்தகை தரும் என்ற கணக்கில், தலைமுறைகளாகக் கேலிக் மொழி பேசி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் உழுது வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரை இவர்களது நிர்வாகம் வெளியேற்றிக் கடற்கரையின் சிறு துண்டு நிலங்களுக்குத் தள்ளியது. மீன்பிடித்துப் பிழைக்கலாம் என்று, கடலையே அறியாத அம்மக்களிடம் சொல்லப்பட்டது.

1814இல் அந்தச் சீமையின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், சீமையின் நிர்வாகி பாட்ரிக் செல்லரின் ஆட்கள் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். எரியும் வீடொன்றிலிருந்து வெளியே தூக்கி வரப்பட்ட, நூறு வயதை நெருங்கிய மார்கரெட் மெக்கே சில நாட்களில் இறந்தார். 1816இல் இன்வெர்னெஸ் நீதிமன்றம் செல்லரை விடுவித்தது. காலிசெய்யப்பட்ட நிலத்தில் ஆட்டுப்பண்ணை நடத்தும் குத்தகை அவரிடமே இருந்தது. 1819இல் இன்னும் பெரிய வெளியேற்றம் நடந்தது. இவற்றைவிட என்னை வாட்டுவது வேறொன்று: இதே சீமையின் இளைஞர்களைக் கொண்டு திரட்டப்பட்ட பிரிட்டிஷ் இராணுவத்தின் 93ஆம் படைப்பிரிவு, 1815 சனவரியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போர்க்களத்தில் பேரிழப்பைச் சந்தித்தது. பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய சீமைக்குக் கிடைத்த கைம்மாறு இதுதான்.

கோட்டைக்கு மேலே பென் பிராகி மலையுச்சியில், கோமகனின் பிரம்மாண்டமான சிலை 1837 முதல் நிற்கிறது. கருணை மிக்க நிலக்கிழார் என்று அவரைப் போற்றி, குத்தகைதாரர்களே எழுப்பியதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தபோது திரட்டப்பட்ட நன்கொடையை மனமுவந்த நன்றி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சிலையை உடைக்க வேண்டும் என்போர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை, ஏனெனில் அந்தக் கல்வெட்டே அக்காலத்து அதிகாரத்தின் சான்று. அதன் அருகிலேயே, காலிசெய்யப்பட்ட ஊர்களின் பெயர்களையும் மார்கரெட் மெக்கேயின் பெயரையும் அதே அளவு எழுத்தில் பொறிக்க வேண்டும்.