வீடு எதிராளியுடையது, வாடகையைக் காட்டி நமக்குக் கடன்

2024 ஜூலை 11. வாஷிங்டனில் நேட்டோ மாநாட்டின் கடைசி நாள். கூட்டணித் தலைவர்கள் சூழ்ந்து நிற்க, மைக் முன்னால் வந்த பைடன், உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை "அதிபர் புதின்" என்று அறிமுகப்படுத்தினார். உடனே திருத்திக்கொண்டார், ஜெலன்ஸ்கியும் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அங்கே நின்ற அத்தனை பேர் வயிற்றிலும் புளி கரைந்திருக்கும். நவம்பர் 5 அமெரிக்கத் தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. அடுத்த பத்தாவது நாள் பைடன் போட்டியிலிருந்தே விலகினார்.

டிரம்ப் வந்தாலும் உக்ரைனுக்கான உதவி நிற்கக்கூடாது. நட்பு நாடுகளுக்கு அந்த வருடம் இதுதான் பெரிய கவலை. நேட்டோவில் உக்ரைன் சேரும் பாதை இனித் திரும்ப முடியாதது என்று மாநாட்டு அறிக்கையில் எழுதினார்கள். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கென்னவோ, அதற்கு ஒரு மாதம் முன்பு இத்தாலியில் ஜி7 என்ற ஏழு பணக்கார நாடுகளின் குழு பேசி முடித்த கடன்தான் உருப்படியான காரியமாகப் பட்டது.

ரஷ்ய மத்திய வங்கியின் பணம் ஏறக்குறைய 300 பில்லியன் டாலர் மேற்கு நாடுகளில் முடக்கப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில், பிறருடைய பங்கு, பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் யூரோகிளியர் நிறுவனத்திடம். அசலில் கைவைக்க ஐரோப்பாவுக்குப் பயம்; நாளைக்கு மற்ற நாடுகள் தங்கள் பணத்தை அங்கே வைக்கத் தயங்குமே! அதனால் அசலை அப்படியே விட்டுவிட்டு, அதில் வருகிற வருமானத்தைக் காட்டி உக்ரைனுக்கு 50 பில்லியன் டாலர் கடன். வாடகை வருகிற வீட்டைக் காட்டிக் கடன் வாங்குவோமே, அந்த மாதிரி. என்ன, வீடு மட்டும் எதிராளியுடையது.

இதில் அப்போது ஒரு சிக்கல். பணத்தை முடக்கி வைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் முடக்கிய பணம் கைவிட்டுப் போயிருக்கும். கடன் கொடுத்தவர் கதி? ஆறு மாதத்தை 36 மாதமாக்குங்கள் என்றது அமெரிக்கா. ஹங்கேரியோ, அமெரிக்கத் தேர்தல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றது. கூட்டணிக்குள்ளேயே ஒருவர் டிரம்பின் வெற்றிக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்! கடைசியில் 36 மாதம் கிடைக்காமலே அமெரிக்கா இறங்கி வந்தது. தன் பங்கான 20 பில்லியனை டிசம்பரில் உலக வங்கியின் நிதியில் போட்டுவிட்டது. டிரம்ப் பதவியேற்க அப்போது ஆறு வாரம்தான் பாக்கி.

அதே ஜி7 மாநாட்டின்போது பைடனும் ஜெலன்ஸ்கியும் பத்தாண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் இல்லாத ஒப்பந்தம் அது. 2025 மார்ச்சில் அமெரிக்கா ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் சில நாள் நிறுத்தியபோது அந்தக் கையெழுத்தால் எதையும் தடுக்க முடியவில்லை. 20 பில்லியனோ அதற்குள் கைமாறியிருந்தது.

சரி, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அடுத்த அரசின் கையை, போகிற அரசு இப்படிக் கட்டிவிட்டுப் போவது நியாயமா? எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஜனவரி 20 வரை பைடனும் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர்தானே. இருந்தாலும் நாடாளுமன்றம் வழியாகக் கட்டுவதுதான் முறை என்பேன். 2023 டிசம்பரில் அப்படி ஒன்று நடந்தது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ நாடாளுமன்றச் சட்டமோ இல்லாமல், நேட்டோவிலிருந்து எந்த அதிபரும் தன்னிச்சையாக விலக முடியாது என்று சட்டமாக்கினார்கள். அதைக் கொண்டுவந்த இரண்டு செனட்டர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன். இன்னொருவர் மார்கோ ரூபியோ, பின்னாளில் டிரம்பின் வெளியுறவு அமைச்சரான அதே ரூபியோ.