பட்டப்பகலில் உறையவைக்கும் கடைசிக் காட்சிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படங்களின் முடிவை உடைக்காமல் இந்தப் பதிவை எழுத முடியாது. 'மெமரிஸ் ஆஃப் மர்டர்', 'ஸ்பூர்லூஸ்', 'த்ரிஷ்யம்', 'தி மிஸ்ட்', 'சைக்கோ', 1978-ல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' எல்லாம் வருகின்றன. பார்க்காத படம் இருந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். 'ஸ்பூர்லூஸ்' பார்க்காதவர்கள் மட்டும் தயவுசெய்து படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திகிலாக முடிக்க வேண்டும் என்றாலே ராத்திரி, மழை, இடி, அணைந்து எரியும் விளக்கு என்று போய்விடுகிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் மனசை விட்டுப் போகாத முடிவுகளை எடுத்துப் பாருங்கள். நிறையப் படங்களில் அது பகல் நேரம். வெயில் அடிக்கிறது. யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். அந்தச் சாதாரணக் காட்சி ஏன் நம்மை நடுங்க வைக்கிறது? அதற்கான வேலையை இயக்குநர் படத்தின் முதல் பாதியிலேயே, நாம் அசந்திருக்கும்போது முடித்துவைத்திருக்கிறார். கடைசி ஷாட்டை எப்படி எடுப்பது என்று யோசிப்பவர்கள், அதற்கான விதையை எங்கே போட்டோம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பாங் ஜூன்-ஹோவின் 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' (2003) இதற்குப் பாடப்புத்தகம். தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த 10 பெண்களின் கொலைகள்தான் கதைக்கு அடிப்படை. சாங் காங்-ஹோ நடித்த பார்க் டூ-மான் என்ற உள்ளூர் போலீஸ்காரனுக்கு ஒரு பெருமை உண்டு: ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவானாம். ஆரம்பத்தில் மேலதிகாரி அவனுக்கு ஒரு சோதனை வைக்கிறார். ஸ்டேஷனில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பாலியல் குற்றம் செய்தவன், இன்னொருவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். யார் எவன், பார்த்துச் சொல். பார்க் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். விடையைப் படம் சொல்வதே இல்லை! காட்சி அப்படியே அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விதை விழுந்துவிட்டது.

கடைசிக்கு முன்னால் அந்த ரயில் சுரங்கம், கொட்டும் மழை. அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கை சந்தேக நபரோடு பொருந்தவில்லை. பார்க் அவன் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறான். தெரியவில்லை என்கிறான். சாப்பாடாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுப் போகவிடுகிறான். வேறு யாராக இருந்தாலும் படத்தை இங்கேயே முடித்திருப்பார்கள். இருட்டு, மழை, தோல்வி எல்லாம் இருக்கிறதே.

பாங் முடிக்கவில்லை. 2003-க்கு வருகிறார். பார்க் இப்போது போலீஸில் இல்லை, வியாபாரி. வண்டியில் போகும்போது முதல் பிணம் கிடந்த வயலோரத்தில் இறங்கி, அந்தக் கால்வாய்க் குழாய்க்குள் குனிந்து பார்க்கிறான். பொன்னிற வயல், நல்ல வெயில். அந்த வழியே வந்த ஒரு சிறுமி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கிறாள். கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவரும் இதேபோல் குனிந்து பார்த்தார், ரொம்ப நாளைக்கு முன் இங்கே ஒன்று செய்தேன், அது ஞாபகம் வந்தது என்றார் என்கிறாள். முகம் எப்படி இருந்தது? சாதாரணமாகத்தான் இருந்தது. எப்படிச் சாதாரணம்? சும்மா, சாதாரணம்தான். பார்க் நிமிர்ந்து கேமராவை, அதாவது நம்மை, நேராகப் பார்க்கிறான். படம் முடிந்தது.

இங்கே நடந்த வேலையைக் கவனியுங்கள். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பவன் இரண்டு மணி நேரம் தோற்றுத் தோற்று, கடைசியில் திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் சாதாரண முகங்களையெல்லாம் பார்க்கிறான். அந்த நாளில் கொலையாளி பிடிபடவில்லை. அவன் இந்தப் படத்தைப் பார்க்க வருவான், அவன் கண்ணோடு இந்தக் கண் சந்திக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பாங் அந்த ஷாட்டை வைத்தார். ஆரம்பத்தில் அந்தச் சோதனைக்கு விடை கிடைத்திருந்தால் இந்தப் பார்வைக்குப் பலமே இருந்திருக்காது. பார்க் கெட்டிக்காரன் அல்லது முட்டாள் என்று நாமே முடிவுகட்டியிருப்போம்.

2019-ல் பழைய தடயங்களின் டிஎன்ஏ மூலம் லீ சுன்-ஜே என்பவன் அடையாளம் காணப்பட்டான். 1994-ல் மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் ஏற்கெனவே ஆயுள் கைதி. 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். படம் வெளியானபோதே சிறைக்குள் இருந்தவன், அங்கேதான் படத்தையும் பார்த்திருக்கிறான். 2020-ல் நீதிமன்றத்தில் கேட்டபோது, படமாகத்தான் பார்த்தேன், தனியாக எந்த உணர்வும் வரவில்லை என்றான். அவன் செய்த கொலை ஒன்றுக்காக வேறொருவர் 20 வருஷம் சிறையில் கிடந்தார். அவருக்கு விடுதலைத் தீர்ப்பு வந்ததும் அதே 2020-ல்தான். இதெல்லாம் தெரிந்தபின் அந்தக் கடைசிப் பார்வையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், இன்னும் கனமாகிறது.

அடுத்து ஜார்ஜ் ஸ்லூய்சரின் 'ஸ்பூர்லூஸ்' (1988). நெதர்லாந்து ஜோடி ஒன்று பிரான்ஸில் காரில் போகிறது. பெட்ரோல் பங்கில் குளிர்பானம் வாங்கப் போன சாஸ்கியா திரும்பி வரவில்லை. 3 வருஷம் ரெக்ஸ் தேடுகிறான். கடத்தியவன் ரேமோன், வேதியியல் வாத்தியார், இரண்டு பெண்களுக்கு அப்பா. அவனே வந்து நிற்கிறான். அவளுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் மயக்க மருந்து கலந்த இந்தக் காபியைக் குடி, இல்லையென்றால் கடைசிவரை தெரியாது. ரெக்ஸ் குடிக்கிறான். விழிக்கும்போது மண்ணுக்குள், பெட்டிக்குள். கையில் ஒரு லைட்டர்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல திகில் படம், அவ்வளவுதான். ஸ்லூய்சர் வெளியே வருகிறார். கிராமத்து வீட்டுத் தோட்டம், வெயில், ரேமோனின் மனைவி செடிக்குத் தண்ணீர் விடுகிறாள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு செய்தித்தாள் கிடக்கிறது, அதில் காணாமல் போன இருவரின் படங்கள், இரண்டும் முட்டை வடிவக் கட்டங்களுக்குள். படம் ஆரம்பித்ததும் காரில் வரும்போதே சாஸ்கியா ஒரு கனவைச் சொல்லியிருப்பாள்: தங்க முட்டைக்குள் அடைபட்டு விண்வெளியில் மிதக்கிறேன், இப்போது இன்னொரு முட்டையும் இருக்கிறது, இரண்டும் மோதினால் எல்லாம் முடிந்துவிடும் என்று.

அதைவிட நுணுக்கமான விதை ஒன்று உண்டு. படத்தின் நடுவில் அதே வீட்டில் ரேமோன் குடும்பமே விளையாட்டாகக் கத்தும். ஒரு பெண் சிலந்தியைப் பார்த்து அலற, எல்லோரும் சேர்ந்து அலறுவார்கள். அப்புறம் அவன் பக்கத்தில் குடியிருப்பவரிடம் போய், சத்தம் ஏதும் கேட்டதா என்று பேச்சுவாக்கில் விசாரிப்பான். கேட்கவில்லை. அப்போது நமக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். கடைசியில் அந்தப் புல்தரையைப் பார்க்கும்போது நமக்குத் தெரிகிறது: இங்கே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. ஒரு வசனமில்லை, ஒரு விளக்கமில்லை.

இதே ஸ்லூய்சர் இதே கதையை 1993-ல் ஹாலிவுட்டில் 'தி வானிஷிங்' என்று எடுத்தார். ஜெஃப் பிரிட்ஜஸ், கீஃபர் சதர்லேண்ட், சாண்ட்ரா புல்லக் எல்லாம் உண்டு. அதில் நாயகனைப் புதைகுழியிலிருந்து காதலி காப்பாற்றுகிறாள், கெட்டவன் சாகிறான். கைதேர்ந்த அதே ஆள்தான். ஆனால் ஒரு குழியைத் தோண்டித் திறந்ததும் மொத்தப் படமும் சரிந்துவிட்டது. உயிரைக் கொடுத்தாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறிதான் கதை. அதற்கான விலையை வாங்காமல் விட்டால் மீதி இருப்பது ஒரு துரத்தல் மட்டும்.

நம் பக்கத்தில் 'த்ரிஷ்யம்' (2013) இந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டது. ஜீத்து ஜோசப்பே தமிழில் 2015-ல் 'பாபநாசம்' என்று எடுத்தார். புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனில் நாயகன் உட்கார்ந்திருப்பதிலிருந்துதான் படம் தொடங்குகிறது. அவன் குடும்பத்தின் கையால் செத்த இளைஞனின் பிணம் எங்கே என்று படம் முழுக்க தேடுகிறோம். கடைசியில்தான் தெரிகிறது, முதல் காட்சியிலேயே அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தோம் என்று. இவ்வளவு சாதுவான மனுஷன், கையெழுத்துப் போட்டுவிட்டு அமைதியாக நடந்து போகிறான். அவன் குடும்பத்துக்காக அவ்வளவு நேரம் வேண்டிக்கொண்ட நமக்கும் அதில் பங்கு இருக்கிறது, உறைவது அதனால்தான்.

ஃபிராங்க் டாரபாண்டின் 'தி மிஸ்ட்' (2007) பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஊரையே மூடிய பனிக்குள் ஆளைக் கொல்லும் ஜந்துக்கள், தப்ப வழியில்லை. காரில் 5 பேர், துப்பாக்கியில் 4 குண்டுகள். தன் மகனையும் சேர்த்து நான்கு பேரைச் சுட்டுவிட்டு நாயகன் வெளியே வருகிறான், மூடுபனி விலகுகிறது, ராணுவம் வருகிறது. ஸ்டீபன் கிங்கின் மூலக்கதையில் இந்த முடிவு கிடையாது, அங்கே கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கும். எல்லோரும் நாயகனின் அலறலைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த அலறல் தேவைக்கு மேல் நீள்கிறது. உறையவைப்பது ராணுவ லாரியில் நிற்கும் பெண்ணின் முகம். சூப்பர் மார்க்கெட்டில் ஆரம்பத்திலேயே, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாராவது கூட வாருங்கள் என்று கெஞ்சியவள் அவள். ஒருவரும் போகவில்லை. இப்போது பிள்ளைகளோடு உயிரோடு நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அவனைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறாள்.

'சைக்கோ' (1960) முடிவில் மனநல மருத்துவர் நீளமாக விளக்குவது படத்தின் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்று நாம் மூச்சுவிட்டதும்தான் ஹிட்ச்காக் அந்த வெள்ளைச் சுவர் அறைக்குள் கூட்டிப் போகிறார். போர்வை போர்த்திய கொலையாளி நார்மன், கையில் ஒரு ஈ, மனசுக்குள் செத்துப்போன அம்மாவின் குரல். அவன் சிரிக்கும்போது முகத்தின் மேல் ஒரு கணம் மண்டையோடு படிகிறது. மருத்துவர் சொன்னதெல்லாம் அந்தச் சிரிப்பின் முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை.

ஃபிலிப் காஃப்மனின் 'பாடி ஸ்னாட்சர்ஸ்' சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன்னே, பகலில் முடிகிறது. வேற்றுக்கிரக உயிர்கள் மனிதர்களைப்போலவே நகலெடுத்து அவர்கள் இடத்தைப் பிடிக்கும் கதை. இன்னும் மாறாமல் தப்பித்த பெண் நண்பனைக் கண்டு வருகிறாள். நண்பனாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட் விரலை நீட்டி, வாயைப் பிளந்து அலறுகிறார்: அவரும் மாறிவிட்டார். அந்த ஒலியில் பன்றிகளின் கதறல் கலந்திருக்கிறது. அதன்பின் பெயர்கள் ஓடும்போது இசையே கிடையாது. அந்த மௌனமும் காட்சியின் பகுதிதான். 1956-ல் வந்த முதல் படத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. தயாரிப்பு நிறுவனம் முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகளை ஒட்டி, அரசாங்கத்துக்குத் தகவல் போய்விடும் என்று ஆறுதல் சொல்லவைத்தது.

நம் தியேட்டர்களில் கடைசி ஷாட்டுக்கு முன்பே கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார்கள், பாதிப் பேர் எழுந்து நின்று மறைக்கிறார்கள். ஓடிடியில் இன்னும் மோசம்: பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரையை மூலைக்குச் சுருக்கி அடுத்த படத்தின் டிரெய்லரைப் போடுகிறது. செட்டிங்ஸில் ஆட்டோபிளே என்று ஒன்று இருக்கும். இந்தப் படங்களில் எதையாவது போடும் முன் அதை அணைத்துவிடுங்கள். சதர்லேண்டின் வாய்க்குள் கேமரா போய்த் திரை கறுத்தபிறகு, ரிமோட்டைத் தொடாமல் கடைசிப் பெயர்வரை அந்த மௌனத்தைக் கேளுங்கள்.