கணவர் கப்பலேறினால் மனைவிக்கு விருது

பெண்களுக்கு விருது கொடுத்த அந்த விழாவின் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.  விருது வாங்கியவர்களில் பாதிப்பேர் பெரிய மனிதர்கள் வீட்டு அம்மாக்கள், மருமகள்கள். அதுகூடப் பரவாயில்லை. அதற்கு முட்டுக்கொடுக்க வந்த நண்பர், "விக்டோரியா மகாராணி அந்தக் காலத்திலேயே பெண்களின் தகுதியை மதித்து விருது கொடுத்தார்" என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் பொறுக்கவில்லை.

அவர் சொல்வது பிரிட்டிஷ் ஆட்சி கொடுத்த 'கிரவுன் ஆஃப் இந்தியா' விருதை. 1878 ஜனவரி 1-ல் தொடங்கியது, பெண்களுக்கு மட்டும். எந்தப் பெண்களுக்கு? அரச குடும்பத்துப் பெண்கள், சமஸ்தானத்து ராணிகள், வைஸ்ராய், கவர்னர்களின் மனைவிமார். கணவர் கவர்னராகக் கப்பலேறினால் மனைவி தோளில் விருது ஏறும். இதில் தகுதி எங்கே வந்தது ஐயா?

நகை அழகுதான், மறுக்கவில்லை. வைரம், முத்து, நீலப்பச்சைக் கற்களில் மூன்று எழுத்து, மேலே கிரீடம், வெள்ளைக் கரை வைத்த வெளிர்நீல ரிப்பன். ஆனால் அந்த எழுத்துகள் வாங்கியவரின் பெயரில்லை. விக்டோரியாவின் முத்திரை!

தஞ்சாவூர்க் கதையைக் கேளுங்கள். 1855-ல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது, அரண்மனைச் சொத்தையும் சேர்த்து. மன்னரின் மனைவி ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு சென்னையில் ஜெயித்தார். 1859-ல் அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில், 'இது அரசின் செயல், கோர்ட் தலையிட முடியாது' என்று கைவிரித்தது. அதே மன்னரின் மகள் முக்தாம்பா பாய்க்குப் பிற்பாடு இந்த விருது. ஊரைப் பிடுங்கிக்கொண்டு ரிப்பன் கட்டிவிட்டார்கள்.

"போபால் ஷாஜஹான் பேகத்துக்கும் கொடுத்தார்களே, அவர் ஆட்சி செய்தவர் இல்லையா?" என்பீர்கள். சரி, செய்தார். ஒரு பேகத்தைக் காட்டி எத்தனை கவர்னர் மனைவிகளை நியாயப்படுத்துவீர்கள்? 1947 ஜூனில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால், பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜ் தன் இரண்டு மகள்களுக்கும் கொடுத்தார். இளையவர் மார்கரெட்டுக்கு வயது 16. இந்தியாவுக்கு அவர் ஆற்றிய சேவையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். வேலூரில் பெண்களை டாக்டராக்கிய ஐடா ஸ்கடருக்குக் கிடைத்தது, பொதுச் சேவைக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த கைசர்-இ-ஹிந்த் பதக்கம். இந்த வைர நகை இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் மகளிர் தினத்துக்குச் 'சிறந்த பெண்மணி' கேடயம் உண்டு. அந்த வருஷம் கணக்கு முடிக்க ராத்திரி வரை உட்கார்ந்தவர்கள் நாங்கள். கேடயம் மேலாளரின் மனைவிக்கு. அந்தம்மா எங்கள் ஆபீஸ் வாசற்படி ஏறியதே அன்றைக்குத்தான். பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். போட்டோவில் என் முழங்கை மட்டும் தெரியும். அந்தம்மா மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், கூப்பிட்டார்கள், வந்தார். கொடுத்தவர்கள் மேல்தான். எங்களில் ஒருத்தி பெயர்கூடவா அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை?

"உங்களுக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அக்கா" என்று கமெண்ட் போட விரல் துறுதுறுக்கிறவர்களே, ஆமாம், எரிச்சல்தான். வேலை பார்த்தவளுக்கு எரியாமல் வேறு யாருக்கு எரியும்? இன்பாக்ஸில் வந்து சமாதானம் பேசாதீர்கள். சொல்ல வேண்டியதை இங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.